சாட்டுக்கும் நோம்பிக்கும் நடுவே

தை இருபது. நசியனூர் ரோட்டுக் குடோனில்
கடைசி அட்டியைப் பிரித்தோம், நானும் ராக்கியண்ணனும்.
ஆறு வருஷமாய் விலைக்குக் காத்திருந்த விரலி மஞ்சள்.
கிருமிக்கு எமன் என்று ஊரே கரைத்துத் தெளிக்கிற சரக்கு;
அதற்குள்ளேதான் சாக்கைக் கடித்துப் பஞ்சாக்கி
எலி குட்டி போட்டிருந்தது.

தண்ணீர் தெளிக்கவில்லை. மூக்கில் துண்டு கட்டவில்லை.
வறட்டுச் சீமாறு போட்டு வீசிக் கூட்டினோம்.
புழுக்கை, மஞ்சள் தூள், காய்ந்த மூத்திரம்
எல்லாம் ஒரே நிறமாய்க் கிளம்பி
ஓட்டைத் தகரத்து வெயிலில் நின்றது.
அழகாய்த்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பதினெட்டாம் நாள் ராக்கியண்ணனுக்குக் காய்ச்சல்.
இருபத்தொன்றில் மூச்சு இழுத்தது.
பெருந்துறையில் குழாய் வைத்துப் படுக்கப் போட்டிருக்கிறார்கள்.
அவர் ரத்தம் எங்கேயோ வெளியூர் போய்
ஒரு பேரோடு திரும்பி வந்தது: ஹாண்டா.
"ஹோண்டாவுங்களா?" என்றான் டீக்கடைப் பையன்.
சிரித்தோம். பிறகு யாரும் டீயைக் குடிக்கவில்லை.

"கூட்டும்போது நீங்களும் கூட இருந்தீங்களா?"
டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.
"ஒரு வாரத்துலயும் காட்டும், எட்டு வாரம் கழிச்சும் காட்டும்.
நிறையப் பேருக்கு ரெண்டு மூணு வாரம்.
வீட்டுல இருக்கிறவங்களுக்கு உங்ககிட்ட இருந்து ஒட்டாது.
காய்ச்சல் அடிச்சா, தொடை இடுப்பு தோள்பட்டை வலிச்சா
அன்னைக்கே வந்துருங்க. எலிக் குடோன்னு மறக்காம சொல்லுங்க."

ஏனுங் அம்மணி,
தினமும் நூறு மூட்டை ஏத்தி இறக்குறவனுக்குத்
தொடை இடுப்பு தோள்பட்டை
வலிக்காத நாள் எந்த நாளுங்?
கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆக, ஐம்பத்தாறு.
மூட்டைக்குக் கோடு போடுகிற சாக்பீஸ்தான்.
குடோன் கதவின் உள்பக்கம், முதல் நாளே
ஒரே மூச்சில் இருபத்துநாலு கோடு.
நாலு நிற்கும், ஐந்தாவது குறுக்கே படுக்கும்.
அந்தப் படுக்கிற கோட்டைப் போடும்போதெல்லாம்
கை ஒரு கணம் கூசுகிறது.

மாரியாத்தாளுக்குப் பூச்சாட்டினால் கணக்குத் தெரியும்.
கம்பம் என்றைக்கு நடுவது, என்றைக்குப் பிடுங்குவது,
மஞ்சத் தண்ணி என்றைக்கு, எல்லாம் ஊருக்கே தெரியும்.
எனக்குள்ளே சாட்டியாயிற்றா இல்லையா?
சாட்டியிருந்தால் நோம்பி எந்தக் கிழமை?
கேட்க ஒரு பூசாரி கிடையாது.

ஒட்டாது என்று சொன்ன பிறகும்
பாயை எடுத்து வாசலில் போட்டுக்கொண்டேன்.
"கொசு புடுங்குறதுக்கா?" என்றாள் கண்ணாத்தாள்.
வெக்கை என்றேன்.
நடுச்சாமத்தில் ஒரு உள்ளங்கை வந்து
என் நெற்றியில் இருந்துவிட்டுப் போகிறது.
நான் தூங்குகிறேன் என்று அவள் நினைப்பாள்.
அவள் நினைக்கட்டும் என்று நான் தூங்குகிறேன்.

நாற்பத்தொன்றாம் நாள் விலை ஏறிவிட்டது.
காலையிலேயே இரண்டு லாரி.
கணக்கர் கதவை இழுத்துச் சாத்திப் பார்த்துவிட்டுக் கத்தினார்:
"கோட்டுல நாப்பத்தொண்ணு இருக்குது, சிட்டையில இல்ல.
எந்த லோடு இது? யார் வந்து ஏத்துனது?"
"அது மூட்டை இல்லீங்."
"பின்ன என்றா?"

குனிந்துகொண்டேன். முதுகில் மூட்டை வந்து உட்கார்ந்தது.
மூன்றாவது எட்டில் இடுப்பில் சுரீர் என்றது.
அப்படியே நின்றேன், எழுபது கிலோவோடு,
நீ கூலியா, மற்றதா என்று
அதையே கேட்டபடி.
பின்னால் ஆட்கள்
நவுருங், நவுருங் என்கிறார்கள்.